முதிய நாய், பூனைகளுக்கான முழு உடல் பரிசோதனை: எங்கள் அனுபவம்

எங்கள் ஜிம்மிக்கு 13 வயது. சென்னையில் பொமரேனியன் என்று சொல்லி விற்கப்படும் வெள்ளை ஸ்பிட்ஸ் வகை. சென்ற ஆண்டு இறுதியில் இரவு நேரங்களில் இருமத் தொடங்கினான். மாடிப்படி ஏறுவதையும் நிறுத்திவிட்டான். அதுவரை காட்டிவந்த இடத்தில், "வயசாயிடுச்சுங்க, இனி இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, ஓர் இருமல் மருந்தைக் கொடுத்து இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிலை ஏற்க மனம் ஒப்பாததால், முதிய பிராணிகளுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கிப் பரிசோதிக்கும் சிறிய மருத்துவமனை ஒன்றை விசாரித்துக்கொண்டு போனோம்.

மருத்துவர் ஜிம்மியை உடனே மேசைமேல் ஏற்றச் சொல்லவில்லை. வாசலிலிருந்து அறைக்குள் நடக்கவிட்டு, பின்னங்கால்களை எப்படி ஊன்றுகிறான் என்று இருமுறை பார்த்தார். பிறகு எடை, பல் ஈறு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தமும் சிறுநீரும் என்று ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. கண்களில் படர்ந்திருந்த நீலச் சாம்பல் நிறத்தைப் புரை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, அது முதுமையில் கண்வில்லை இறுகுவதால் வரும் மங்கல்தான், பார்வையைப் பெரிதாகக் கெடுக்காது என்று விளக்கினார். மூட்டு வலிக்கான மாத்திரையைக்கூடச் சிறுநீரகத்தின் நிலை தெரிந்த பிறகே எழுதித் தந்தார். மனிதர்களுக்கான வலி மாத்திரையை வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்குப் பாராசிட்டமால் உயிரையே பறித்துவிடும் என்று அழுத்திச் சொன்னார்.

இருமலுக்குக் காரணம் இதயத்தில் இருந்தது. சிறிய இன நாய்களுக்கு வயதான காலத்தில் இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்துக் கசிவது மிகச் சாதாரணம் என்றும், எக்கோ (ஒலியலை மூலம் எடுக்கும் இதயப் படம்) எடுக்காமல் மருந்து தொடங்குவது சரியல்ல என்றும் கூறி, வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். இதயம் பெரிதாகியிருப்பது அங்கே உறுதியானது. இப்போது பிமோபெண்டான் மாத்திரையைக் காலையிலும் மாலையிலும் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுக்கிறோம். இந்த நிலையிலேயே இம்மருந்தைத் தொடங்கினால் இதயச் செயலிழப்பு சராசரியாகப் பதினைந்து மாதங்கள் தள்ளிப்போகிறது என்று 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியிருக்கிறது. பதின்மூன்று வயது நாய்க்குப் பதினைந்து மாதம் என்பது எத்தனை பெரிய காலம்!

எங்களுக்கு மிகவும் பயன்பட்டது அவர் கற்றுக்கொடுத்த ஓர் எளிய கணக்கு. நாய் அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று என வைத்து, ஒரு நிமிடத்துக்கு எண்ண வேண்டும். முப்பதைத் தாண்டிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம் என்பதால் உடனே அழைக்க வேண்டும். அம்மா தினமும் இரவு பத்து மணிக்கு ஜிம்மி அருகில் கடிகாரத்தோடு உட்கார்ந்து எண்ணி, நாட்காட்டித் தாளில் குறித்து வைக்கிறார். பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்து நான்கு.

தங்கையின் 14 வயதுப் பூனையையும் அந்தச் சிறிய மருத்துவமனையிலேயே காட்டினோம். அடிக்கடி தண்ணீர் குடித்ததைத் தவிர அதனிடம் வேறு குறை தெரியவில்லை. சிறுநீரகத்தின் செயல்திறனில் முக்கால் பங்கு போன பின்புதான் இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் உயரும் என்பதால், சிறுநீரின் அடர்த்தியையும், கோளாறை முன்னதாகவே காட்டும் எஸ்.டி.எம்.ஏ. என்ற இரத்தப் பொருளின் அளவையும் சேர்த்துப் பார்த்தார்கள். கோளாறு தொடக்க நிலையில் இருக்கும்போதே பிடிபட்டுவிட்டது, உணவை மாற்றியிருக்கிறோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். காத்திருக்கும் இடத்தின் வழவழப்பான டைல்ஸ் தரையில் முதிய நாய்களின் கால்கள் வழுக்குகின்றன. ரப்பர் விரிப்பு உள்ளறையில் மட்டுமே இருக்கிறது. பூனைகளுக்குத் தனி இடம் இல்லாததால், குரைக்கும் நாய்களுக்கு நடுவே கூடைக்குள் ஒடுங்கியிருந்த பூனைக்கு இரத்த அழுத்தம் எகிறிக் காட்டியது. அறைக்குள் சிறிது நேரம் அமைதியாக விட்டு மறுபடி அளக்க வேண்டியதாயிற்று. ஜிம்மியின் முதல் பரிசோதனைக்கு மட்டும் ரூ.3,800 ஆனது; எக்கோ செலவு தனி. எல்லாக் குடும்பத்துக்கும் இது எளிதல்ல. ஆயினும் ஒவ்வொரு பரிசோதனையையும் ஏன் செய்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, ஒப்புதல் கேட்ட பிறகே செய்தார்கள்.

இரவு எட்டரைக்கு மேல் அங்கு யாரும் இருப்பதில்லை. இரவில் திறந்திருக்கும் வேறொரு மருத்துவமனையின் எண்ணை அவர்களே மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது.