மெலமைன் கோப்பையில் டீக் கறை: ஊறவைப்பதா, தேய்ப்பதா?

கேரவன் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. பிரிட்டனில் அது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் விடுமுறை வீடு. கனம் கூடாது, குலுங்கினால் உடையவும் கூடாது என்பதால் பெரும்பாலும் அதில் பீங்கான்போல இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்கான மெலமைன் கோப்பைகள்தான். திடமான டீ நாளுக்கு ஐந்தாறு தடவை ஊற்றினால் ஒரே வாரத்தில் உட்புறம் பழுப்பேறிவிடும்.

டீக்குத் துவர்ப்பு தரும் பாலிஃபீனால்கள் காற்றுப்பட்டுக் கறுத்து, தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படலமாகப் படிகின்றன. அதனால் லண்டன், கென்ட் பக்கத்துக் கடின நீரில் கறை சீக்கிரம் தடிக்கும். லேக் டிஸ்ட்ரிக்ட், ஸ்காட்லாந்து பக்கத்து மென்னீரில் மெதுவாகத்தான் ஏறும். படலத்தைக் கரைக்கலாம், அல்லது சுரண்டலாம். சுரண்டினால் கறையோடு கோப்பையின் மினுக்கும் போகும்; அந்தக் கீறல்களில் அடுத்த கறை இன்னும் ஆழமாக உட்காரும்.

மெலமைனுக்கு முதல் தேர்வு சோடியம் பெர்கார்பனேட் என்ற வெளுக்கும் பொடி. தண்ணீரில் போட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். பெராக்சைடு நிறத்தைக் குலைக்கும், சோடா படலத்தை இளக்கும். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, 50 முதல் 60 டிகிரி வெந்நீர், அரை மணி நேரம். பழைய கறை என்றால் இரவு முழுக்க. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: குளிர்ந்த நீரில் போட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பார்கள். 30 டிகிரிக்குக் கீழே அது சோம்பேறி. அதற்காகக் கொதிநீரை ஊற்றவும் வேண்டாம். 70 டிகிரிக்கு மேல் மெலமைனிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசிவது கூடுகிறது. கரைசல் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே மூடி போட்ட குவளையில் அடைக்காதீர்கள். துணிக்கறை நீக்கும் வாசனைப் பொடிகளிலும் இதே சரக்குதான். ஆனால் வாசனை பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு டீயில் சோப்பு மணக்கும். வாசனை சேர்க்காத பொடியே வாங்குங்கள்.

பல்செட் கழுவும் மாத்திரை இதற்குத் தம்பி மாதிரி. ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீருக்கு ஒன்று, 20 நிமிடம். அளக்கும் வேலையில்லை, பொடி சிந்தாது, அலமாரியில் இடமும் அடைக்காது. பிடிவாதக் கறைக்கு இரண்டு தடவை போட வேண்டிவரும், விலையும் அதிகம். இதிலுள்ள பெர்சல்ஃபேட் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் நன்றாக அலசியே தீர வேண்டும். கண்ணாடிபோலத் தெளிந்த பாலிகார்பனேட் டம்ளர்களுக்கு இதுதான் பொருத்தம். காரம் கூடிய பெர்கார்பனேட்டிலோ பாத்திரம் கழுவும் இயந்திர மாத்திரையிலோ நெடுநேரம் கிடந்தால் அவற்றில் மயிரிழை வெடிப்பு விழலாம்.

ஆப்ப சோடா? மூன்று பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு நீர் விட்டுக் குழைத்து, ஈரத் துணியால் தேய்த்தால் இரண்டு நாள் கறை ஒரு நிமிடத்தில் போகும். மிக மிருதுவான பொடி என்பதால் கீறல் சொற்பம். மாதக்கணக்கான கறையிடம் இதன் பாச்சா பலிக்காது.

கறை துடைக்க விற்கும் வெள்ளை நுரைப்பஞ்சான மேஜிக் ஸ்பாஞ்ச்தான் ஏமாற்றுக்காரன். தொட்டவுடன் பளிச்சென்று ஆகும். ஆனால் அது நுண்ணிய உப்புத்தாள். மினுக்கைச் சேர்த்தே எடுக்கிறது. ஸ்டீல் நாரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வினிகர், எலுமிச்சை உப்பு இரண்டும் கடின நீரின் சுண்ணாம்பைக் கரைக்கும், நிறத்தை அவ்வளவாகத் தொடாது. கறை தடித்து சொரசொரப்பாக இருந்தால், ஆறிய நீரில் பத்து நிமிடம் இதை வைத்து, அலசிய பிறகு பெர்கார்பனேட் போடலாம். சூடான அமிலம் மெலமைனுக்கு ஆகாது.

குளோரின் ப்ளீச் வெளுக்கும், சந்தேகமில்லை. ஆனால் குளோரின் மெலமைனிலுள்ள நைட்ரஜனோடு சேர்ந்து மேற்பரப்பை மங்கலாக்கும். பாலிப்ரொப்பிலீன் கோப்பையில் நீர்த்த கரைசலாக எப்போதாவது போடலாம், மெலமைனில் கூடாது. வினிகரோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும்; கேரவன் போன்ற சின்ன அடைப்புக்குள் அது பெரிய ஆபத்து. மிச்சத்தைக் கேரவனின் கேசட் கழிப்பறையில் (கழிவுத்தொட்டியைத் தனியாகக் கழற்றிக் காலி செய்யும் வகை) ஊற்றினால் ரப்பர் சீல் காய்ந்து கெடும்.

எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியவில்லையா? நகத்தால் தட்டுங்கள்: பீங்கான்போல ‘டிங்’ என்றால் மெலமைன். அழுத்தினால் சற்று வளைவது பாலிப்ரொப்பிலீன்.

இரவு முழுக்கப் பெர்கார்பனேட்டில் ஊறியும் பழுப்பு போகவில்லையென்றால் கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உட்புறம் மங்கிக் கோடுகோடாகத் தெரிந்தால் மினுக்கு அடுக்கே போய்விட்டது. அது இனி பல் துலக்கும் பிரஷ் வைக்கத்தான்.