சிங்கப்பூர் – நியூயார்க்: நேராகப் போகலாமா, பிராங்பேர்ட் வழியாகவா?

வீட்டில் உலக உருண்டை இருந்தால் எடுங்கள். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலும் மறுமுனையை நியூயார்க் கென்னடி விமான நிலையத்திலும் வைத்து இழுத்துப் பிடித்தால், நூல் வட துருவத்தை ஒட்டியே போகும். இரண்டு ஊரும் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4, ஆக 138. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,346 வருகிறது. பட்டியல்களில் உள்ள 15,349-க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்!

ஆனால் விமானம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் மேலாகச் செல்கிறது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொடுப்பதால் தூரம் கூடினாலும் நேரம் குறையும். 18 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய ஆகும்.

இந்த நேர் விமானத்தில் சாதாரண எகானமி இருக்கையே கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350 நெடுந்தூர விமானத்தில் பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, மொத்தம் 161 இருக்கைகள்தான். அவ்வளவு எரிபொருளையும் சுமக்க வேண்டுமானால் ஆட்களைக் குறைத்தாக வேண்டும். அதனால் டிக்கெட் விலை கையைக் கடிக்கும்.

பிராங்பேர்ட் வழியாகப் போனால் 10,270, அப்புறம் 6,200, ஆக 16,470 கிலோமீட்டர். வானில் ஏறத்தாழ 22 மணி, தரையில் இரண்டு மணி என்று ஒரு நாளே ஓடிவிடும். டோக்கியோ வழி இதைவிடக் கொஞ்சம் குறுகியது, துபாய் வழி கொஞ்சம் நீளம். பெரிய வித்தியாசம் இல்லை.

எழுபது தாண்டிய அம்மாவைத் தங்கை வீட்டுக்கு இரண்டு வழியிலும் கூட்டிப் போயிருக்கிறேன். வயதானவர்களுக்கு நேர் விமானம்தான் நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். இறங்கும்போது அம்மாவின் கணுக்கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. மறுமுறை பிராங்பேர்ட்டில் இறங்கினோம். சோதனை வரிசையில் நின்றோம், நீளமான கூடத்தில் இரண்டு சுற்று நடந்தோம், சூடாக ஒரு டீ குடித்தோம். கால் லேசாக இருப்பதாக அவரே சொன்னார். கால் வீங்கும் பெரியவர்களுக்கு நான் பிராங்பேர்ட்டையே சொல்வேன். கைக்குழந்தையோடு போகிறவர்கள், பணம் இருந்தால், நேராகப் போவதே மேல். தூங்கும் பிள்ளையை நடுவில் எழுப்ப வேண்டாம்.

நியூயார்க்கை அடுத்த நியூஜெர்சியின் எடிசன் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நேர் விமானம் நியூஜெர்சியிலுள்ள நூவர்க் விமான நிலையத்துக்கும் உண்டு, அங்கிருந்து வீடு பக்கம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிராங்பேர்ட் வழி விமானம் கென்னடியில்தான் இறக்கிவிடும், பிறகு காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

கோடையில் நியூயார்க் சிங்கப்பூருக்குச் சரியாக 12 மணி நேரம் பின்னால். தங்கை வீட்டில் இருந்த மூன்று மாதமும் அம்மா கைக்கடிகாரத்தைத் திருப்பவே இல்லை.