ஈ.வி. சர்வீஸ்: டீலர், ஏ.எம்.சி., வெளி மெக்கானிக், எதுல விட்டா கட்டுப்படியாகும்?

ஈ.வி.க்கு, அதாவது எலக்ட்ரிக் காருக்கு, மெயின்டனன்ஸே கிடையாது சார்னு ஷோரூம்ல அடிச்சு சொல்றாங்க, ஃப்ரீ சர்வீஸ் முடிஞ்சு மொத பெய்டு சர்வீஸ் பில் கைக்கு வரும்போதுதான் ஆயில் மாத்தாத வண்டிக்கு எதுக்குய்யா இவ்ளோன்னு கேக்கத் தோணுது. கேள்வி நியாயம்தான். எஞ்சின் ஆயில் இல்ல, ஆயில் ஃபில்டர் இல்ல, ஸ்பார்க் பிளக் இல்ல, கிளட்ச் இல்ல. மிச்சம் இருக்குறது ஏசி ஃபில்டர், பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட், கியர் ஆயில், வைப்பர், டயர், அப்புறம் எல்லாரும் மறந்துபோற அந்த சின்ன 12 வோல்ட் பேட்டரி. இதுலயும் கூலன்ட், கியர் ஆயில் எல்லாம் ஒவ்வொரு சர்வீஸுக்கும் மாத்துறது இல்ல, செக் பண்றதோட சரி.

அப்ப பில் எங்க ஏறுது? ஃப்ரெண்டு ஒருத்தர் வண்டியோட எஸ்டிமேட்டை வாங்கிப் பாத்தேன், எந்த டீலர்னு வேணாம். மேல் பாதில கம்பெனி செக்லிஸ்ட், ஸ்கேன், ஃபில்டர்னு நியாயமான ஐட்டம். கீழ் பாதில ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், இன்டீரியர் கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங், அலைன்மென்ட், பேலன்சிங், கூடவே "எஞ்சின் ட்ரெஸ்ஸிங்"னு ஒரு வரி. எஞ்சினே இல்லாத வண்டிக்கு! கேட்டா சிஸ்டம்ல தானா வந்துடுச்சு சார்னு சிரிக்கிறாரு அட்வைசர். கீழ் பாதி மொத்தமும் நம்ம வேணாம்னா அடிச்சுட வேண்டியதுதான், வாரண்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. லேபருக்கு 18% ஜி.எஸ்.டி. வேற, அதனால 2,000 ரூபா வெட்டி வேலைய அடிச்சா 2,360 மிச்சம். கடலோரத்துல வண்டிய நிறுத்துறவங்க அண்டர்பாடி கோட்டிங் பண்ணிக்கிட்டா தப்பில்ல, மத்தவங்களுக்கு வருஷா வருஷம் தேவையில்ல.

அடுத்தது ஏ.எம்.சி., அதாவது பராமரிப்பு ஒப்பந்தம். முன்னாடியே காசு கட்டிட்டா மூணு வருஷம் கவலையில்லன்னு சொல்லுவாங்க. டாக்ஸி ஓட்டுறவங்க, தினமும் செங்கல்பட்டுல இருந்து சென்னைக்கு வந்துபோறவங்களுக்கு சரிதான். வருஷம் ஆறேழாயிரம் கிலோமீட்டர் ஓட்டுற வீட்டு வண்டிக்கு எனக்கு இதுல உடன்பாடு இல்ல. ஏன்னா தேய்மான ஐட்டமும் சேத்துதான்னு சொல்லி ரேட்டை ஏத்துவாங்க, பெட்ரோல் வண்டில அதுக்கு அர்த்தம் இருக்கு, ஈ.வி.ல ரீஜென், அதாவது மோட்டாரே வண்டிய மெதுவாக்கி பேட்டரிய சார்ஜ் பண்றது, பாதி பிரேக் வேலைய பாத்துடுறதால பேட் லேசுல தேயாது, தேயுறது டயர்தான், வண்டியோட வெயிட்டும் டார்க்கும் (இழுவிசை) ஜாஸ்தி. அந்த டயர் பெரும்பாலும் ஏ.எம்.சி.ல வராது! அதே காசை எக்ஸ்டெண்டட் வாரண்டில போடலாம். டாடா நெக்ஸான் ஈ.வி. 2020ல வந்தப்பவே பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருஷம் இல்லன்னா 1,60,000 கி.மீ. வாரண்டி குடுத்தாங்க, ஆனா வண்டியோட மத்த பாகத்துக்கு வாரண்டி தனி, அது சீக்கிரமே முடிஞ்சுடும். வண்டிக்குள்ளயே இருக்குற ஆன்போர்டு சார்ஜர் எந்த லிஸ்ட்ல வருதுன்னு உங்க வாரண்டி புக்க தொறந்து பாருங்க, பெரிய செலவு அங்கதான் ஒளிஞ்சிருக்கு.

வெளி மெக்கானிக் விஷயம் கொஞ்சம் சிக்கல். டயர், அலைன்மென்ட், வைப்பர், 12 வோல்ட் பேட்டரி எல்லாம் தாராளமா வெளில பண்ணலாம், கண்டிப்பா கம்மியாதான் வரும். ஏசி ஃபில்டர் நிறைய வண்டில டேஷ்போர்டு கிளவ் பாக்ஸ கழட்டுனா நம்மளே மாத்திடலாம், அதுக்கு ஒரு லேபர் போடுறது அநியாயம். ஆரஞ்சு கலர் ஒயர் பக்கம் மட்டும் தெரியாத யாரையும் விடாதீங்க, அது ஹை வோல்டேஜ். இன்னொண்ணு ஏசி கேஸ். பக்கத்து ஏசி கடைல கேஸ் ஏத்தும்போது, சாதா வண்டி ஏசி கம்ப்ரசருக்கு ஊத்துற பி.ஏ.ஜி.ங்குற ஆயிலையே இதுலயும் ஊத்திடுவாங்க, ஈ.வி. கம்ப்ரசருக்குள்ளயே கரண்ட் மோட்டார் இருக்கு, அதுக்கு பெரும்பாலும் கரண்ட் கடத்தாத பி.ஓ.இ.ங்குற ஆயில்தான் வேணும், தப்பா ஊத்துனா இன்சுலேஷன் போயி கம்ப்ரசரே காலி. முந்நூறு ரூபா மிச்சம் பண்ணப் போயி கம்ப்ரசருக்கு மொய் எழுதணும்.

வெளில விட்டா வாரண்டி போயிடும்னு மிரட்டுவாங்களே, அதுக்கு ஒரு விஷயம். 2014 ஆகஸ்ட்ல கம்பெனிங்களோட வியாபாரப் போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்குற காம்படிஷன் கமிஷன் 14 கார் கம்பெனிக்கு 2,544 கோடி அபராதம் போட்டப்ப, வெளில ரிப்பேர் பண்ணாங்குற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து பண்ணக்கூடாது, அந்த வேலையால வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம்னு சொல்லுச்சு. கம்பெனிங்க அப்பீலுக்குப் போனாங்க, அது தனிக் கதை. ஆனா பேட்டரி மாதிரி லட்சக்கணக்குல போற பொருளுக்காக கோர்ட் படி ஏற யாருக்கு நேரம் இருக்கு, அதனால வாரண்டி இருக்குற வரைக்கும் ஷெட்யூல் சர்வீஸ டீலர்கிட்டயே தேதி தவறாம பண்ணி பில்ல பத்திரமா வைங்க, மத்ததெல்லாம் வெளில.

டீலர்கிட்ட விடும்போது ஜாப் கார்டுல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கீழ் பாதிய அடிச்சுட்டு, பழைய ஃபில்டர டிக்கிலயே வைங்கன்னு சொல்லிடுங்க. மாத்துனாங்களா இல்லையான்னு அதுலயே தெரிஞ்சுடும்.