மஞ்சள் பெட்டியா, தகரப் பெட்டியா, உள்ளூர் அச்சா?

குறி பார்க்க உதவும் பட அட்டைகளான ரைடர்–வெய்ட் டாரட் கட்டு வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் எடுத்து நீட்டலாம். ஆர்தர் எட்வர்ட் வெய்ட் சொல்லச் சொல்ல பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909-இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட 78 அட்டைகள்தான் எல்லாவற்றுக்கும் மூலம். நிறம், தாள், மேல்பூச்சு மட்டும் கட்டுக்குக் கட்டு மாறும். நான்கு வருடத்தில் மூன்று கட்டு வாங்கிவிட்டேன். "கிளி ஒண்ணுதான் பாக்கி, அதையும் வாங்கிட்டு மீனாட்சி கோயில் வாசல்ல உக்காந்துரு" என்கிறார் அம்மா.

முதலில் வாங்கியது நம் நாட்டில் அச்சான மலிவுக் கட்டு. பமீலா 1951-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஓவியருக்குப் பின் 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை என்பதால் 2012 முதல் அவர் வரைந்த படங்களை இங்கே யாரும் அச்சிடலாம். விலையைப் பார்த்தால் ஒரு வெளிநாட்டுக் கட்டின் காசுக்கு இதில் நாலைந்து வாங்கலாம். கற்றுக்கொள்ளத்தானே, போதும் என்று நினைத்தேன்.

இரண்டாவது, யு.எஸ். கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1971-இலிருந்து போடும் மஞ்சள் பெட்டி. அழுத்தமான நிறம், பின்பக்கம் நீலக் கட்டம். மூன்றாவது, பமீலாவின் பழைய அச்சை ஒட்டி அவர்களே கொண்டுவந்த நூற்றாண்டுப் பதிப்பு, தகரப் பெட்டியில் வருவது. ரேடியன்ட், யுனிவர்சல் என்று நிறம் மாற்றிய பதிப்புகளும் உண்டு. அவற்றைத் தோழி வீட்டில் பார்த்ததோடு சரி. யுனிவர்சல் கலர் பென்சிலில் தீட்டியது போல மென்மையாக இருந்தது. ரேடியன்ட் கண்ணைப் பறித்தது. அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

அழகை மட்டும் பார்த்தால் தகரப் பெட்டிதான், அதில் பேச்சே இல்லை. நிறங்கள் அடங்கியிருக்கும். அட்டையின் பெயர்கள் பமீலாவின் கையெழுத்திலேயே இருக்கும். மூலையில் பாம்பு சுருண்டது போன்ற அவருடைய முத்திரை தெளிவாகத் தெரியும். ஆனாலும் தினமும் நான் எடுப்பது மஞ்சள் பெட்டியைத்தான். காரணம் மேல்பூச்சு.

இதைப் புரியவைத்தது சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன். மலிவுக் கட்டு வாங்கிய வருடம், ஐப்பசி மழை பிடித்த இரண்டாவது வாரத்தில், அட்டையெல்லாம் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. மேலே அகராதியை வைத்து அழுத்திப் பார்த்தேன். எடுத்த மறுநாளே பழையபடி வளைந்தது. தீபாவளிக்கு வந்த அண்ணன் ஒரு அட்டையை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். "ஒரு பக்கம்தாம்மா லேமினேஷன் போட்டிருக்கான். காசு மிச்சம் பிடிக்கிற வேலை" என்றார்.

விஷயம் இதுதான். பூச்சு இல்லாத பக்கத்தில் தாள் ஈரத்தைக் குடித்து விரிகிறது. லேமினேஷன் பிலிம் ஒட்டிய பக்கம் விரிய முடியாது. அதனால் அட்டை பிலிம் பக்கமாகச் சுருள்கிறது. இரண்டு பக்கமும் ஒரே பூச்சு இருந்தால் இழுப்பு சமமாகி நேராக நிற்கும். மஞ்சள் பெட்டிக்கு இரண்டு பக்கமும் பளபளப்புப் பூச்சு. மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது, இன்னும் வளையவில்லை. சித்திரைத் திருவிழா வெயிலில் உள்ளங்கை நசநசக்கக் கலைத்தாலும் பிறகு மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ஒருமுறை பக்கத்து வீட்டு அக்கா ஜிகர்தண்டா குடித்த கையோடு 'சூரியன்' அட்டையை எடுத்துவிட்டார். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன், கறை போய்விட்டது. குறை என்றால், டியூப் லைட்டுக்குக் கீழே மினுக்கும். போட்டோ எடுப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், எனக்கு இல்லை.

விளிம்பு மட்டும் எந்தக் கட்டிலும் பலவீனமான இடம். அச்சடித்து, பூச்சு போட்டு, கடைசியில்தான் அட்டையாக வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் தாள் திறந்தே கிடக்கும். அழுக்கும் ஈரமும் அந்த வழியாகத்தான் நுழையும். அதனால் இரண்டு பாதியாகப் பிரித்து விர்ரென்று சரிய விடும் ரம்மிக்காரர் பாணி வேண்டாம். கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கலைத்தால் ஓரம் நாள்படத் தாங்கும்.

தகரப் பெட்டிக் கட்டு எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு என் அனுபவம் போதாது. வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது, அதிலும் பாதி நாள் பீரோவில். பத்திரப்படுத்துவதால் புதிதாக இருக்கிறதா, தாளே நல்லதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வருகிறவர்கள் வெறும் படம் பார்க்க ஆசைப்பட்டால் அதை எடுத்துக் காட்டுவேன்.

பரிசாகக் கொடுக்க, பார்த்து ரசிக்கத் தகரப் பெட்டி. புழங்குவதற்கு மஞ்சள் பெட்டி. கை இறுக்கம் என்றால் உள்ளூர் அச்சையே வாங்குங்கள்; ஆனால் பிரித்ததும் ஒரு அட்டையை விளக்குக்கு நேரே சாய்த்து, இரண்டு பக்கமும் மினுக்குகிறதா என்று பாருங்கள்.

பழைய நிறத்தில், இரண்டு பக்கமும் லேமினேஷன் போட்டு நாமே அச்சடித்தால் என்ன என்று அண்ணனிடம் கேட்டேன். "500 கட்டுக்குக் குறைஞ்சு மிஷின்ல ஏத்த மாட்டாங்கம்மா" என்றார். அதனால் இன்னொரு மஞ்சள் பெட்டிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.