அட்வான்ஸ் திரும்பி வந்தது: மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தில் என் அனுபவம்

வீட்டைக் காலி செய்து நாலு மாதம் ஆகியும் என் 90,000 ரூபாய் அட்வான்ஸ் வரவில்லை. மாத வாடகை 9,000, பத்து மாத அட்வான்ஸ். போன் செய்தால், "பெயின்ட் அடிக்க 28,000 ஆச்சும்மா, கழிச்சுட்டுத் தரேன்" என்பார் ஓனர். மிச்சத்தையாவது கொடுங்கள் என்றால், "புது ஆள் வரட்டும்" என்பார். ஜவுளிக் கடையில் பில் போடும் எனக்கு அது ஆறு மாதச் சம்பளம்.

கடையில் ஒரு அக்காதான் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணைச் சொன்னார். அதில் பேசிவிட்டு, எங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். வருமானச் சான்றிதழ் கேட்பார்கள் என்று நினைத்து அதற்காக ஒரு நாள் லீவு போட்டு அலைந்தது வீண். 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் உதவி இலவசம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு.

அங்கிருந்த தன்னார்வலப் பெண் நான் சொல்லச் சொல்ல மனு எழுதிக் கொடுத்தார். ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம், வாடகை அனுப்பிய ஜிபே விவரம், இவ்வளவுதான் கேட்டார்கள். பத்து பைசா செலவில்லை.

அங்கிருந்த வக்கீல் அம்மா ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தார். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது செல்லும். நான் பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டவள், எனவே அந்த விதி எனக்கு உதவவில்லை. உதவியது வேறு இரண்டு. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அப்புறம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் ஓனரின் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. குழாய், சுவிட்ச் மாதிரி சில்லறைப் பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு. மூன்று வருடம் குடியிருந்தும் இது எனக்குத் தெரியாமல் போனதே என்றுதான் அன்று வருத்தப்பட்டேன்.

நோட்டீஸ் போனது. முதல் தேதிக்கு ஓனர் வரவில்லை. இரண்டாவது தேதிக்கு மகனோடு வந்து பெயின்ட் பில்லை நீட்டினார். "பெயின்ட் செலவு இந்தம்மா தரணும்னு ஒப்பந்தத்துல எங்க இருக்குங்க ஐயா?" என்று வக்கீல் அம்மா நிதானமாகத்தான் கேட்டார். பில்லைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார் ஓனர். அவர் வீட்டு வாசலில் நின்றே பேசிப் பழகியவள் நான். அன்று ஒரே மேசையில், ஒரே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து பேசினேன். அதை மறக்க மாட்டேன். உடைந்த சுவிட்ச் போர்டுக்கும் குழாய்க்கும் 1,400 நான் ஒத்துக்கொண்டேன். மீதி 88,600 இரண்டு செக்காக வந்தது, இரண்டும் பாஸாகிவிட்டன. சமரசத்தை மக்கள் நீதிமன்ற உத்தரவாகப் பதிந்து தந்தார்கள். அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது.

குறை என்றால் காத்திருப்புதான். டோக்கன் இல்லாததால் முதல் நாள் காலை பத்தரைக்குப் போய் மூன்று மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு நாள் சம்பளம், கட்டாயம் சரி செய்ய வேண்டும். இன்னொன்று, இங்கே நடப்பது சமரசப் பேச்சு. ஓனர் பிடிவாதமாக மறுத்திருந்தால் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். என் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகவில்லை, அங்கே அது பெரிய தலைவலி ஆகியிருக்கும் என்றார் வக்கீல் அம்மா.

புது வீட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டேன். மூன்று மாத அட்வான்ஸ். சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு சுவரையும் குழாயையும் வீடியோ எடுத்து ஓனர் அம்மாவுக்கும் அனுப்பினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.