படிவரிசை நடத்த பந்து–குச்சி மாதிரிகள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கரிம வேதியியல் வகுப்பில் பந்து–குச்சி மாதிரிப் பெட்டியைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பந்துகள் அணுக்கள் (கறுப்பு கார்பன், வெள்ளை ஹைட்ரஜன், சிவப்பு ஆக்ஸிஜன்), குச்சிகள் அவற்றின் பிணைப்புகள். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம், ஆனால் பக்கத்தில் ஒரு கொதிநிலை அட்டவணை இல்லாமல் அதை வெளியே எடுக்காதீர்கள்.

படிவரிசைக்கு, அதாவது ஒரே அமைப்பில் ஒவ்வொரு கார்பனாக நீண்டுகொண்டே போகும் சேர்மங்களின் வரிசைக்கு, இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. மீத்தேனில் ஒரு வெள்ளைப் பந்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மூன்று வெள்ளை மாட்டிய ஒரு கறுப்புப் பந்தைச் செருகினால் ஈத்தேன், அதையே மறுபடி செய்தால் புரப்பேன். ஒவ்வொரு தடவையும் கூடுவது ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், நிறையில் 14 என்பது மாணவர்களுக்குக் கையிலேயே தெரிந்துவிடுகிறது. பொது வாய்பாட்டை நான் பலகையில் எழுதும் முன்பே, கறுப்பைப் போல இரண்டு மடங்கு வெள்ளை, அப்புறம் இரண்டு முனைக்கும் ஒவ்வொன்று என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

ஆனால் மாதிரி கொதிக்காது. மீத்தேன் மைனஸ் 162, ஈத்தேன் மைனஸ் 89, புரப்பேன் மைனஸ் 42, பியூட்டேன் கிட்டத்தட்ட 0, பென்டேன் 36 டிகிரி செல்சியஸ். ஏறிக்கொண்டே போகிறது, ஏறும் இடைவெளி மட்டும் குறைந்துகொண்டே வருகிறது என்பதை அட்டவணைதான் காட்டும்.

வினைச்செயல் தொகுதிக்கு, அதாவது ஒரு சேர்மத்தின் குணத்தைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டத்துக்கு, நான் விடாமல் செய்வது ஒன்று. இரண்டு கறுப்பு, ஆறு வெள்ளை, ஒரு சிவப்பு, இவ்வளவுதான் கொடுப்பேன். ஒரு துளைகூட காலியாக இருக்கக்கூடாது, வேறு எதுவும் சொல்லமாட்டேன். சிலர் சிவப்பைக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் மாட்டுவார்கள், அது எத்தனால். சிலர் இரண்டு கறுப்புக்கும் நடுவில் மாட்டுவார்கள், அது டைமெத்தில் ஈதர். அதே ஒன்பது பந்துகள், அதே நிறை 46, ஆனால் ஒன்று 78 டிகிரியில் கொதிக்கிறது, மற்றது மைனஸ் 24 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. இந்த 100 டிகிரி வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று அவர்களே கேட்கும்போது எத்தனால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பைச் சொன்னால் அது மறப்பதே இல்லை.

பெட்டி வழிதவறச் செய்யும் இடமும் உண்டு. எத்தனாயிக் அமிலத்தைக் கட்டியதும், ஒரு பக்கம் கீட்டோன் (C=O), ஒரு பக்கம் ஆல்கஹால் (OH) என்று பிரித்துப் படிக்கிறார்கள், ஏனென்றால் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. இரண்டும் ஒரே கார்பனில் சேர்ந்தால் அது தனித் தொகுதி, ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கும் குணமே வேறு என்பதை நாம்தான் வாயால் சொல்லியாக வேண்டும்.

தரத்தைப் பொறுத்தவரை, கறுப்புப் பந்துகளின் துளைகள் நாளடைவில் தளர்ந்துபோகும், இரட்டைப் பிணைப்புக்கான வளையும் குச்சிகள்தான் முதலில் உடையும். வெள்ளைப் பந்துகள் எப்போதும் பற்றாது. ஒரு ஹெக்சேனுக்கே 14 வேண்டும், அதனால் வாங்கும்போதே அவற்றைத் தனியாகக் கூடுதலாக வாங்கிவிடுங்கள்.