வாடகை இடத்தைக் காலி செய்ய நோட்டீஸ்: இலவச சட்ட உதவியா, சொந்த வக்கீலா?

செலவு: சட்ட உதவி மையத்தில் பெரும்பாலும் கட்டணம் இல்லை, ஆனால் பலருக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். வக்கீலுக்கு ஃபீஸ் உண்டு. மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவா என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

வேகம்: விஷயமே இங்கேதான். பதில் தரும் கெடு சில நாட்களாகவே இருக்கலாம். கோர்ட் நோட்டீஸ் என்றால், அதைத் தவறவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடலாம். மையத்தில் கூட்டம் இருக்கும், அதனால் நோட்டீஸ் வந்த அன்றே போங்கள். வக்கீல் என்றால் உடனே பதில் மனு எழுத ஆள் கிடைக்கும்.

அனுபவம்: மையத்தில் வாடகை வழக்கில் கை பழகியவர்கள் இருக்கலாம். எல்லா வக்கீலுக்கும் இது அத்துப்படி என்று நம்பாதீர்கள், கேட்டுவிடுங்கள்.

குடியிருக்கும் வீடு, வாடகை பாக்கி என்றால் மையமே போதும். கடை வாடகை, பெரிய அட்வான்ஸ் தொகை என்றால் நான் வக்கீலிடம்தான் போவேன். எங்கே போனாலும் ஒப்பந்தம், ரசீதுகள், அப்புறம் நோட்டீஸ் வந்த கவரையும் எடுத்துப் போங்கள். தபால் முத்திரைத் தேதி உதவலாம்.